ஜெல் பெட்டியின் நாடித்துடிப்பு

அந்த ஸ்கேன் சென்டரில் அவளுக்குப் பெயர் கறார். வைத்தது யார் என்று தெரியாது. வைத்தவர் ரொம்ப யோசித்திருக்க மாட்டார் என்பது மட்டும் தெரியும். பதினோரு வருஷமாக மூன்றாம் எண் அறையில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கிறாள். எதற்காக எழுதி அனுப்பினார்களோ அதைப் பார்ப்பாள், அளப்பாள், எழுந்திருக்கச் சொல்வாள். "இன்னும் ஒரு தடவை முகத்தைக் காட்டேம்மா" என்று கெஞ்சும் மாமியார்களிடம், "முகம் எங்கயும் ஓடிடாதும்மா. பொறந்தப்புறம் ஆயுசு முழுக்கப் பாருங்க" என்பாள். போனைத் தூக்கிப் படம் எடுக்க வரும் கணவன்மார்களிடம் அதுகூடச் சொல்ல மாட்டாள். கதவைக் காட்டுவாள்.

சுவரில் ஓர் அட்டவணை உண்டு. அவளே தட்டச்சு செய்து, லாமினேட் போட்டு, நாலு மூலையிலும் ஆணி அடித்தது. விஷயம் சாதாரணமானது. ஒலி சதைக்குள் போனால் அதில் ஒரு பங்கு சூடாக மாறும். படம் எடுக்கும்போது ஒலி அங்குமிங்கும் வீசிக்கொண்டே இருப்பதால் சூடு ஓரிடத்தில் தங்காது. இதயத் துடிப்பைச் சத்தமாகக் கேட்க வைக்கும் டாப்ளர் அப்படியல்ல. ஒரே இடத்தைக் குறிவைத்து நிற்கும். இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேல் வைத்துவிட்டு போன் பேசப் போகிற மாதிரி. ஆகவே திரையின் மூலையில் மெஷின் ஓர் எண்ணைக் காட்டும். அந்த அமைப்பில் சதை ஏறக்குறைய எத்தனை டிகிரி சூடாகக்கூடும் என்ற கணக்கு அது. எண் எவ்வளவு இருந்தால் வயிற்றுப் பிள்ளைமேல் எத்தனை நிமிஷம் என்பதுதான் அட்டவணை. புள்ளி ஏழுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. ஏற ஏற நிமிஷம் குறையும். இரண்டரையைத் தாண்டினால் ஒரே நிமிஷம். மூன்றைத் தாண்டினால் தொடாதே.

ஸ்கேனால் பிள்ளைக்குக் கெடுதல் வந்ததாக இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. வரவே வராது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் கறார் பதினோரு வருஷம் சௌகரியமாகக் குடியிருந்தாள். வருகிறவர்களுக்கு இரண்டையும் அதே வரிசையில் சொல்வாள், பஸ் கண்டக்டர் நிறுத்தத்தின் பெயர் சொல்வதுபோல.

மதியம் ஒரு மணிக்கு அறையைப் பூட்டிக்கொள்வாள். டோக்கன் கொடுக்கும் பெண் வெளியே உட்கார்ந்து, "அக்கா தூங்குறாங்க, ரெண்டு மணிக்கு வாங்க" என்று எல்லோரையும் விரட்டுவாள். கறாரிடம் ஒரு கெட்ட பழக்கமாவது இருக்கிறதே என்று சென்டரில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அக்கா தூங்கவில்லை. பன்னிரண்டு மணிக்கே ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்று பத்துக்குப் படுக்கையில் ஏறி, தன் வயிற்றில் தானே ஜெல் தடவி, கழுத்தை ஒடித்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது மூன்றாவது. முதல் இரண்டும் ஒன்பதாவது வாரத்தோடு நின்றுபோனவை. இரண்டாவதை எட்டாவது வாரத்தில் பெரிய டாக்டர் பார்த்தபோது துடிப்பு இருந்தது. பதினோரு நாள் கழித்துப் பார்த்தபோது இல்லை. நடுவில் யாரும் பார்க்கவில்லை. இதிலிருந்து கறார் ஒரு முடிவுக்கு வந்தாள். படித்தவள், சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பவள். வந்த முடிவோ அடுப்பில் வைத்த பாலைப் பற்றி வரக்கூடிய முடிவு: கண்ணை எடுத்ததுதான் தப்பு.

கணவனிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு தடவை நல்ல செய்தி சொல்லி, இரண்டு தடவையும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி ஆயிற்று. இந்தத் தடவை பன்னிரண்டு வாரம் முடியட்டும் என்று இருந்தாள்.

சொந்தப் பெயரைப் பதிந்தால் மறுநாள் அது பெரிய டாக்டர் மேஜையில் இருக்கும். அதனால் 'சோதனை' என்ற பதிவைத் திறந்தாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில், மெஷின் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, சதை மாதிரியே செய்த ஜெல் அடைத்த ஒரு பெட்டியை ஸ்கேன் செய்வார்கள். அதன் அடியில் இருக்கும் கம்பிகள் தெரிய வேண்டும் என்பதற்காக அந்தப் பதிவில் சக்தி முழுவதும் திறந்துவிடப்பட்டிருக்கும். கர்ப்பிணி என்று பதிந்தால் மெஷின் தானே அடக்கி வாசிக்கும். ஜெல் பெட்டி என்று பதிந்தால் எதற்கு அடக்க வேண்டும். பெட்டி புகார் சொல்லப் போவதில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இந்த அமைப்பைச் செய்து வைத்ததும் கறார்தான்.

திரையில் மின்னுகிற துடிப்பு அவளுக்குப் போதவில்லை. மின்னுவது தன் கை நடுக்கமாகவும் இருக்கலாம் அல்லவா. டாப்ளரைப் போட்டுச் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கேட்பாள். மூலையில் எண் 2.6 என்று நின்றது. ஒரு நாளைக்கு இருபது பெண்களின் வயிற்றில் எதற்கும் முன்னால் மூலையைப் பார்க்கிறவள், தன் வயிற்றில் ஒரு நாளும் மூலையைப் பார்க்கவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூட யாருக்கும் தெரிந்திருக்காது. கை விடவில்லை. பதினோரு வருஷப் பழக்கம்: படத்தை நிறுத்து, நீளத்தை அள, துடிப்பை எண்ணு, சேமி. ஒவ்வொரு மதியமும் அவள் கை ஒழுங்காகச் சேமித்து வைத்தது.

வருஷத்துக்கு ஒரு தடவை மெஷினைச் சோதிக்க ஓர் இன்ஜினியர் வருவார். ஒரே குரலில் பிறந்தநாள் வாழ்த்தும் சொல்லக்கூடியவர், மின்சாரம் போய்விட்டது என்றும் சொல்லக்கூடியவர். இந்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து, கர்ப்பிணிகளை அடுத்த அறைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, சோதனைப் பதிவைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம்."

"சொல்லுங்க சார்."

"உங்க ஜெல் பெட்டிக்கு நாடித்துடிப்பு இருக்கு."

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி நூத்திப் பதினெட்டு. நேத்து நூத்தி எழுபத்திரண்டு. நீளமும் ரெண்டு சென்டிமீட்டரைத் தாண்டிருச்சு. பெட்டி நல்லா வளருது."

"அது... ஒரு பேஷன்ட். தப்பான பதிவுல போட்டுட்டோம் போல."

"பதினாலு நாளுமா?"

"புதுசா வந்த பொண்ணு ஒண்ணு பழகிக்கிட்டு இருக்கு."

"தினமும் ஒண்ணு பத்துக்கு? பேஷன்ட்டுக்கும் சாப்பாடு கிடையாது, பழகுற பொண்ணுக்கும் சாப்பாடு கிடையாதா?"

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "என்னுதுதான்."

"வாழ்த்துக்கள்" என்றார் இன்ஜினியர், வோல்டேஜ் சரியாக இருக்கிறது என்பதுபோல. பிறகு, "மூலையைப் பாத்தீங்களா?"

அப்போதுதான் பார்த்தாள். அவர் ஒவ்வொரு படமாகத் தள்ளினார். 2.6. 2.6. 2.6. ஒரு நாள் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவில் நாலு நிமிஷம். ஒரு நாள் ஏழு. அதிகபட்சமாக ஒரு வெள்ளிக்கிழமை பதினொன்று. அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு நினைவிருந்தது. காலையில் வாந்தி வரவில்லை. வாந்தி வராததால் பயந்து, பதினொரு நிமிஷம் காதைக் கொடுத்துக் கிடந்தாள்.

இன்ஜினியர் சுவர்ப் பக்கம் திரும்பி அட்டவணையை முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார்.

"நல்லா லாமினேட் பண்ணியிருக்கீங்க."

"சார், கிண்டல் பண்ணாதீங்க."

"பண்ணலை. நான் போற பாதி இடத்துல இது இல்லவே இல்ல." தன் பெட்டியிலிருந்து ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டியையும் தராசு மாதிரி ஒரு கருவியையும் எடுத்தார். "மெஷின் காட்டுற நம்பரும் நிஜமா வெளிய வர்ற சக்தியும் ஒண்ணா இருக்கான்னு நான் எப்படியும் பாக்கணும். நீங்க வச்ச அமைப்புலயே பாத்துடறேன். சில மெஷின் சும்மா நம்பரை ஏத்திக் காட்டும்."

இருபது நிமிஷம் ஆயிற்று. மெஷின் துல்லியமாக இல்லையென்றால் கடுதாசிமேல் கடுதாசி போட்டுக் கம்பெனிக்காரர்களைத் தூங்கவிடாதவள், மெஷின் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று அந்த இருபது நிமிஷமும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

"நல்ல மெஷின்" என்றார் அவர் கடைசியில். "புள்ளிகூடப் பிசகலை."

"அப்போ ரெண்டரை டிகிரி."

"அப்படிச் சொல்ல முடியாது மேடம். அது கணக்கு, தெர்மாமீட்டர் இல்ல. நிஜத்துல கை நகரும், ஒலி வேற எங்கயாவது போய்ப் படும். ரத்தம் ஓடுது, அது சூட்டை அள்ளிக்கிட்டுப் போயிடும்."

"இந்த வாரத்துல அங்க எவ்வளவு ரத்தம் ஓடுது?"

"கம்மிதான்."

"நான் ஒரு லிட்டர் தண்ணி குடிச்சிட்டுப் படுப்பேன். மூத்திரப்பை நிரம்பி வழி முழுக்கத் தண்ணி. தண்ணியில ஒலி குறையவே குறையாது. அப்படியே போய்ச் சேரும்."

கணக்கில் அவர் விட்டுவிட்டதையெல்லாம் அவளே எடுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆகும் சார்?"

"நான் மெஷின் பாக்குறவன்."

"தெரியாதுன்னு சொல்லுங்களேன்."

"தெரியாது. ஒண்ணும் ஆகாமப் போகத்தான் வாய்ப்பு அதிகம். அதுவும் எனக்கு நிச்சயமாத் தெரியாது." தொட்டித் தண்ணீரைக் கைகழுவும் இடத்தில் ஊற்றினார். "ரிப்போர்ட்ல எழுதியாகணும்."

"எழுதுங்க."

"இந்தப் பதிவுக்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டுட்டுப் போறேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்."

"சொல்லாதீங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் கணவன் சமையலறைக் குழாயில் கிரீஸ் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். கறார் அவன் முதுகைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். எத்தனை வாரம், எத்தனை நாள், எந்த எண், எத்தனை நிமிஷம். ரிப்போர்ட் எழுதுகிற வரிசையில் சொன்னாள். வேறு வரிசை அவளுக்குத் தெரியாது.

அவன் குழாயை மூடினான். கையைத் துடைக்கவில்லை.

"ஏம்மா, என்கிட்டச் சொல்லாத விஷயத்தை மெஷின்கிட்டச் சொல்லியிருக்கியா?"

"உங்ககிட்டச் சொன்னா நீங்களும் தினமும் துடிக்குதான்னு கேப்பீங்க."

"கேட்டிருப்பேன். என் கேள்வியில சூடு இல்லையே."

அவன் துண்டைத் தேடி எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"லிஃப்டுக்குப் பட்டனை ஒரு தடவை அமுக்கினாப் போதும். ஜனங்க பத்து தடவை அமுக்குவாங்க. சீக்கிரம் வராதுன்னு அவங்களுக்கும் தெரியும். சும்மா நிக்க முடியறதில்ல, அவ்வளவுதான். மாசத்துக்கு நாலு பட்டன் மாத்தறேன்."

"இப்போ பட்டன் தேஞ்சு போச்சான்னுதாங்க நான் கேக்கறேன்."

"எனக்கு லிஃப்ட்தான் தெரியும்" என்றான்.

மறுநாள் காலை பெரிய டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். சென்டரின் சொந்தக்காரர். முடியைக் கத்தரித்துக்கொண்டவர், வார்த்தைகளையும் அப்படியே. மேஜையில் இன்ஜினியரின் ரிப்போர்ட் கிடந்தது. 'சோதனைப் பதிவில் ஜெல் பெட்டி அல்லாத பதினான்கு பரிசோதனைகள்' என்ற வரியின் அடியில் சிவப்புக் கோடு.

"உக்காரு. வேலையை விட்டு உன்னை அனுப்பணும். அனுப்பினா அந்த அட்டவணையை மதிக்கறதுக்கு இங்க வேற ஆள் இல்ல. பன்னிரண்டாவது வாரம் நானே பாக்கறேன். அது வரைக்கும் உன் வயித்துல எந்த மெஷினும் படக்கூடாது."

"சரி டாக்டர்."

"காரணம் இருந்தா நடுவிலயும் பாப்பேன். காரணம்னா என்னன்னு உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்ல."

"டாக்டர், இப்ப துடிக்குதான்னு மட்டும்..."

"முந்தாநாள் துடிச்சுதே. நீயே சேமிச்சு வச்சிருக்க. போய் வேலையைப் பாரு."

கறார் மதிய நேரத்தில் சாப்பாட்டு அறைக்கு வந்து உட்கார ஆரம்பித்தாள். டோக்கன் பெண் திகைத்துப்போய், "அக்கா, இன்னிக்குத் தூங்கலையா?" என்றாள். "தூக்கம் வரலை." "டாக்டரைப் பாருங்கக்கா, தூக்கம் வராம இருக்கக் கூடாது." பார்க்கிறேன் என்றாள்.

எட்டு நாள் போயிற்று. கையில் கருவி, எதிரில் திரை, தட்டினால் திறக்கிற மெஷின். வயிறு மட்டும் அடுத்தவர்களுடையது. ஒரு நாளைக்கு இருபது துடிப்புகளைப் பார்த்தாள், தன்னுடையதைத் தவிர. பட்டினி கிடப்பவனுக்குப் பரிமாறுகிற வேலை கொடுத்தால் எப்படியோ அப்படி. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அவள் திறக்கவில்லை. இன்னொரு பதிவு இருந்தது, கால் நரம்புகளுக்கானது. பாஸ்வேர்டு இல்லாதது. அதையும் திறக்கவில்லை.

ஒன்பதாம் நாள், பத்தாவது வாரம் முடிகிற சமயம், காலை பதினொரு மணிக்குக் கழிவறையில் ரத்தம் பட்டிருந்தது. ஒரு ரூபாய்க் காசு அளவு.

இதுதான் காரணம் என்பது. இதைவிட நல்ல காரணம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. இப்படி வருகிற பெண்களை வரிசையில் நிற்க விடாமல் முதலில் உள்ளே கூப்பிடுகிறவள் அவளேதான். கறார் கையைக் கழுவினாள், அறைக்கு வந்தாள், "அடுத்த டோக்கன்" என்றாள்.

ஒருத்தியைப் பார்த்தாள். இரண்டாமவளைப் பார்த்தாள். இருபத்தைந்து அடி தூரத்தில் பெரிய டாக்டரின் கதவு திறந்தே இருந்தது. காரணமில்லாதபோது பதினாலு தடவை பார்த்தவளுக்கு, காரணம் கையில் கிடைத்ததும் அந்தக் கதவு வரைக்கும் போக முடியவில்லை. பார்த்தால் ஏதோ ஒரு பதில் வரும். பார்க்காத வரைக்கும் எதுவும் நிற்கவில்லை. முன்பு கண்ணை எடுத்தால் நின்றுவிடும் என்று நம்பினாள். இப்போது கண் பட்டால் நின்றுவிடும் என்று நம்பினாள். இரண்டையும் நம்புவதற்கு ஒரே மூளை போதுமாயிருந்தது.

நாலாவது டோக்கன் முடிந்ததும் கணவனுக்கு போன் செய்தாள்.

"ரத்தம் பட்டிருக்குங்க."

"எப்போ?"

"பதினொரு மணிக்கு."

"இப்ப மணி பன்னிரண்டு. டாக்டர் என்ன சொன்னாங்க?"

"இன்னும் சொல்லலை. ஆளுங்க காத்துக்கிட்டு இருந்தாங்க."

அந்தப் பக்கம் இரும்பில் ஏதோ மோதும் சத்தம் கேட்டது.

"ஏம்மா, அன்னிக்கு யாரும் கேக்காம தினம் தினம் பாத்த. இன்னிக்குப் பாக்கச் சொல்லி உடம்பே சொல்லுது, டோக்கன் கூப்பிட்டுக்கிட்டு இருக்க. இதுல எதும்மா நீ படிச்சது?"

"ரொம்ப நேரம் வச்சாத்தான் சூடு. டாக்டர் பாத்தா ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதெல்லாம் தெரியும்."

"தெரிஞ்சு?"

"பயமா இருக்குங்க."

"அங்கயே இரு."

லிஃப்டை ஏழாவது மாடியில் நிறுத்திப் பலகையை மாட்டிவிட்டு இருபது நிமிஷத்தில் வந்து சேர்ந்தான். மூன்றாம் எண் அறைக்கு வரவில்லை. கிரீஸ் கையோடு நேராகப் பெரிய டாக்டர் அறைக்குள் போனான்.

கறார் தன் அறைப் படுக்கையில் முதல் தடவையாகக் கழுத்து ஒடியாமல் படுத்தாள். திரை டாக்டர் பக்கம் திரும்பியிருந்தது.

"நாலு டோக்கன் பாத்தியாமே. உனக்குத் தியாகின்னு பட்டம் குடுக்கணுமா?"

"இல்ல டாக்டர்."

"பேசாத, வயிறு ஆடுது."

ஜெல் குளிர்ந்தது. கருவி அடிவயிற்றில் நின்றது, கொஞ்சம் சரிந்தது, மறுபடி நின்றது. டாக்டர் பேசவில்லை. ஸ்கேன் எடுக்கிறவர் பேசாமல் போனால் என்ன அர்த்தம் என்று கறாருக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு அந்த மௌனத்தை அவள் கொடுத்திருக்கிறாள். கூரைப் பலகைகளை எண்ணினாள். பதினெட்டில் ஒன்று ஈரம் பட்டு ஊதியிருந்தது. இத்தனை வருஷம் இந்த அறையில் இருந்தும் அதைப் பார்த்ததில்லை. படுத்தால்தானே தெரியும், படுத்தபோதெல்லாம் வேறு வேலை இருந்தது.

"இருக்கு" என்றார் டாக்டர்.

டாக்டர் திரையில் கோடு ஓடவிட்டு எண்ணினார். டாப்ளர் வேண்டியதில்லை, கோட்டிலேயே எண்ணலாம். "நூத்தி எழுபது. நீளம் வாரத்துக்குச் சரியா இருக்கு. பை ஓரத்துல கொஞ்சம் ரத்தம் தேங்கியிருக்கு. நீ வாரத்துக்கு ரெண்டு பாக்கறதுதான். பெரும்பாலும் தானே கரையும். ஒரு வாரம் கழிச்சுப் பாப்போம்."

"சூடு பட்டதாலயா டாக்டர்?"

"இல்லைன்னு சொன்னா நம்புவியா?"

"மாட்டேன்."

"ஆமான்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல. பின்ன எதுக்குக் கேக்கற. பொறந்து, நடந்து, பள்ளிக்கூடத்துல கணக்குல தோத்தாலும் இதனாலயான்னுதான் கேப்ப. கேட்டுக்கிட்டே இரு."

கணவன் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தான். டாக்டர் திரையை அவன் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் பயறு மாதிரி ஒன்று, அதன் நடுவில் விட்டு விட்டு ஒரு வெளிச்சம்.

"சத்தம் கேக்குமா டாக்டர்?" என்றான்.

"கேக்காது" என்றாள் கறார், டாக்டர் வாயைத் திறப்பதற்குள்.

"நீ மட்டும் பதினாலு நாள் கேட்ட."

"அதனாலதான்."

அவன் கைக்கடிகாரத்தைத் திருப்பிவைத்துக்கொண்டு குனிந்தான். உதடு அசைந்தது. வெளிச்சம் வருகிற ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று என்று அவன் எண்ணத் தொடங்கினான். அது அவனைவிட வேகமாக இருந்தது. விட்டதை விட்டுவிட்டு எண்ணினான். நாற்பத்திரண்டு வரும்போது டாக்டர் கருவியை எடுத்துவிட்டார்.